ஒரே மிதியில் மூன்று வேலை

கிட்டார் வாசிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே காலால் மிதித்துக் கிட்டாரின் ஒலியை மாற்றும் மிதிப்பெட்டிகளை வாங்கி அடுக்கியவன் நான். இதை எழுத்தில் ஒப்புக்கொள்ள இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அரிசி வேகுமுன் அப்பளத்தைப் பொரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனின் நிலைமை அது. அப்பளமாவது நமத்துப்போகும். என் பெட்டிகள் நமக்கவும் இல்லை, என் விரல்கள் வேகவும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வார இறுதிகளில் ஓர் இசைக்குழு. இசைக்குழு என்று எழுதினால் பெரிதாகத் தெரிகிறது. ஒரு பாட்டுக்காரர், ஒரு கீபோர்ட், ஒரு ட்ரம்ஸ், நான். பாட்டுக்காரர்தான் எங்களுக்குத் தலைமை. வார நாட்களில் அவர் ஹட்டன் – நுவரெலியா பஸ்ஸில் கண்டக்டர். நெரிசலில் கடைசி சீட் வரை எட்டும் குரல் அவருக்கு அந்த உத்தியோகத்தில் கிடைத்தது. கீபோர்ட் வாசித்தவர் எங்கள் பாடசாலையின் கணக்கு வாத்தியார், யாழ்ப்பாணத்துக்காரர். ட்ரம்ஸ்காரர் பேசமாட்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் அடித்தே தீர்த்துவிடுவார் என்பதால் இங்கே அவருக்கு அதிகம் வேலை இல்லை.

திம்புள்ள பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கல்யாணம், பூப்புனித நீராட்டு, கோயில் திருவிழா என்று எது நடந்தாலும் எங்கள் வான் போகும். சனிக்கிழமை காலையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்குக் கீழே வந்து ஹோர்ன் அடிக்கும். ஒன்பதாம் வகுப்புக்கு ஒளித்தெறிப்பை வருடாவருடம் அதே சொற்களில், அதே பகிடிகளோடு படிப்பிக்கிற ஒருவனுக்கு, அந்த ஹோர்ன் தனக்காக அடிக்கப்படுகிறது என்பது சின்ன விஷயமில்லை. முதல் ஹோர்னுக்கு நான் ஜன்னலைத் திறக்கவே மாட்டேன். இரண்டாவதற்காகக் காத்திருப்பேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்கட்டும்.

சிக்கல் என் கால்களில் இருந்தது.

நுவரெலியா ஹோட்டலொன்றில் வாசித்துக் கலைந்துபோன ஒரு குழுவிடமிருந்து நான் வாங்கிய ஆம்புக்கு, அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டிக்கு, இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் கிட்டார் குளித்து முழுகி வந்தது போலச் சுத்தமாக ஒலிக்கும். மற்றதில் மூன்று நாள் தொண்டைக்கட்டு வந்தவன் போலக் கரகரக்கும். கம்பி போட்ட ஒரு மிதியால் வழியை மாற்றலாம். இது போக என் மிதிப்பெட்டிகள். எதிரொலி போடுவது ஒன்று, ஒலியை அலையலையாக நெளிய வைப்பது இன்னொன்று. பாட்டின் நடுவே என் தனி வாசிப்பு வரும்போது ஆம்பைக் கரகரப்புக்கு மாற்ற வேண்டும், எதிரொலியைத் திறக்க வேண்டும், அலையை மூட வேண்டும். மூன்று மிதி, ஒரே நொடியில். வாசிப்பு முடிந்ததும் மூன்றும் மறுபடி பழையபடி. ஆண்டவன் எனக்குக் கொடுத்தது இரண்டு கால். அதில் ஒன்றால் நிற்க வேண்டும்.

தலவாக்கலையில் ஒரு கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்கள் காலில் விழுந்து எழும்பிக்கொண்டிருந்தார்கள். மெல்லிய பாட்டு. நான் எதிரொலியை மிதிக்கப் போய், தடுமாறி, ஆம்பின் மிதியில் ஊன்றிவிட்டேன். சுத்தமாக வர வேண்டிய இடத்தில் மரம் அறுக்கும் மில் ஒன்று திறந்துகொண்டது. அதை அடக்கப் போய் வேறொன்றை மிதித்தேன். இப்போது மில்லுக்கு எதிரொலியும் சேர்ந்தது. பாட்டுக்காரர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், பொண்ணு அழுவுது சார்."

"கல்யாணத்துல பொண்ணு அழுவுறது வழக்கந்தானே?"

"அம்மாவ கட்டிப்புடிச்சு அழுவும் சார். இது உங்கள பாத்து அழுவுது."

திரும்பி வரும்போது வானில், கொட்டகலை தாண்டிய பிறகு பாட்டுக்காரர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "சார், கோவிச்சுக்காதீங்க. வர்ற திருவிழாவுலயும் இப்படி ஆச்சுன்னா, பொறகு கீபோர்டே போதும்னு முடிவு பண்ணிருவோம். வான்லயும் எடம் பத்தல."

கணக்கு வாத்தியார் என்னைத் தேற்றினார். "என்ர பெட்டியில கிட்டார் எண்டு ஒரு பட்டன் கிடக்கு. அமத்தினால் வருது. நீர் ஏன் ஒற்றைக் காலில நிண்டு தவம் செய்யிறீர்?"

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

திருவிழாவுக்கு அதிக நாள் இல்லை. இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? மிதிப்பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுத்தமான வழியில் ஒழுங்காக வாசிக்கப் பழகுவான். நான் விஞ்ஞான ஆசிரியன். மூன்று வேலையையும் ஒரே மிதியில் செய்யும் ஒரு பெட்டியைக் கட்டுவது என்று தீர்மானித்தேன்.

முதலில் ஒரு பலகை. மூன்று மிதிகளுக்கும் மேலே கீல் வைத்த பலகையைப் போட்டு, அதை மிதித்தால் மூன்றும் சேர்ந்து அமுங்கும் என்பது கணக்கு. அமுங்கின. ஆனால் இந்த மிதிகள் ஒரு தட்டுக்குத் திறந்து மறு தட்டுக்கு மூடுகிறவை. அதில் ஒன்று ஒரே ஒரு தட்டைத் தவறவிட்டாலும் போதும். அதன் பிறகு மற்ற இரண்டும் திறக்கும்போது அது மூடும், அவை மூடும்போது அது திறக்கும். பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் போல வாழ்நாள் முழுக்க எதிரெதிராகவே போய்க்கொண்டிருக்கும்.

பிறகுதான் ரிலே. அது ஒரு சின்ன மின்காந்தம். மின்சாரம் பாய்ந்தால் பல தொடுமுனைகளை ஒன்றாக இழுக்கும், நின்றால் ஒன்றாக விடும். ஒன்று போய் ஒன்று தங்குகிற பேச்சே இல்லை. மிதிப்பெட்டிகளை எப்போதும் திறந்தபடியே விட்டுவிட வேண்டியது. கிட்டாரின் ஒலி எந்தப் பெட்டி வழியாகப் போவது என்பதை மட்டும் ரிலே தீர்மானிக்கும். இன்னொரு முனை ஆம்பின் வழியை மாற்றும். இதை நான் கரும்பலகையில் படம் போட்டுப் பத்தாம் வகுப்புக்கு விளக்கினேன். பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றை அவர்கள் அவ்வளவு அமைதியாகக் கேட்டது எனக்கு உற்சாகமாக இருந்தது. பாதிப் பேர் தூங்கியிருந்தது பிறகு தெரிந்தது.

ரிலேயை ஹட்டன் கடைவீதியில் ரேடியோ திருத்தும் கடையில் வாங்கினேன். மிதிக்கும் சுவிட்ச் ஒரு பழைய தோட்டத்து லொறியிலிருந்து வந்தது. அந்தக் கால லொறிகளில் முன்விளக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் சாரதியின் காலடியில் ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரு தரம் அமுக்கினால் அப்படியே நிற்கும், மறுதரம் அமுக்கினால் விடும். சப்பாத்துக் காலுக்கென்று செய்த பலமான ஸ்பிரிங். எல்லாவற்றையும் ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் வைத்தேன். ரிலேக்கு மின்சாரம் கொடுக்க ஒரு பழைய ரேடியோவின் டிரான்ஸ்ஃபோமர். ஆம்பில் இரைச்சல் வரக்கூடாது என்று, கம்பிகள் செருகும் துளைகளை மட்டும் டின்னில் படாமல் ஒரு மரத்துண்டில் பொருத்தினேன். ஆகவே டின்னுக்கும் ஆம்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்த விவரம் சற்று நேரத்தில் தேவைப்படும்.

சூடு வெளியேறட்டும் என்று டின்னின் மேலே வரிசையாகத் துளைகளும் போட்டேன். ஹட்டனின் குளிரில் எந்தச் சூடு வெளியேற வேண்டும் என்று யாராவது கேட்டிருக்கலாம்.

பாடசாலை ஆய்வுகூடத்தில், சனிக்கிழமை பின்னேரம், எல்லோர் முன்னிலையிலும் சோதித்தோம். கம்பளிக் கால்மேஸும் ரப்பர் அடி வைத்த சப்பாத்தும் போட்டிருந்தேன். அந்தக் குளிரில் வேறென்ன போடுவது. மிதித்தேன். டின்னுக்குள் 'டக்' என்றது. மூன்றும் ஒன்றாக மாறின. மறுபடி மிதித்தேன். மூன்றும் ஒன்றாகத் திரும்பின. பாட்டுக்காரர் கைதட்டினார்.

கணக்கு வாத்தியார் குனிந்து பார்த்தார். "உதென்ன, பிஸ்கட் ரின்னோ?"

"மூணு வேலையையும் ஒரே மிதியில செய்யும்."

"அப்ப ஒரு மிதி பிழைச்சால் மூண்டும் பிழைச்சுப்போகுமே?"

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

திருவிழா திம்புள்ள பக்கத்து ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலில். எங்கள் கச்சேரி கடைசி நாள் பின்னேரம். கடைசி நாள் மஞ்சள் நீர். முறை உள்ளவர்கள் மேல் மட்டும்தான் ஊற்றுவது என்று ஒரு பேச்சுக்குச் சொல்வார்கள். மாமன் மகன், அத்தை மகன், கொழுந்தன். ஆனால் வாளி கையில் இருக்கும்போது முறை யாரோடும் வந்துவிடும். வானின் கதவு திறந்ததும் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துப் பக்கமிருந்து ஒரு கூட்டம் ஓடி வந்தது.

"பேண்டுக்காரங்க வந்துட்டாங்கடி! மச்சானுக்கு ஊத்துங்கடி!"

கணக்கு வாத்தியார் கீபோர்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். "ஐயோ பிள்ளையள், உதுக்கு ஊத்தாதேங்கோ!"

"யாழ்ப்பாணத்து மச்சான் டோய்!" என்று அவருக்கு இன்னொரு வாளி கிடைத்தது. நல்லவேளை, கீபோர்டுக்குப் பொலித்தீன் உறை போட்டிருந்தார். எனக்கும் தாராளமாக ஊற்றினார்கள். என் கையிலிருந்த டின்னுக்கும் அதன் பங்கு கிடைத்தது. சூடு வெளியேறுவதற்கான துளைகள் வழியாக மஞ்சள் நீர் உள்ளே போனதை நான் கவனிக்கவில்லை. நான் என் சட்டையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கோயில் கமிட்டித் தலைவர் மேடைக்குப் பக்கத்தில் நின்றார். உயரமான மனிதர், தோளில் துண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே குரல். "செருப்பு, சப்பாத்தெல்லாம் கழட்டிட்டு ஏறுங்க சார். மேடையும் ஆத்தா வாசல்தான்."

கழற்றினோம். ஈரப் பலகை மேடை, ஈர உடுப்பு, வெறுங்கால். எதிரே தோட்டமே உட்கார்ந்திருந்தது. மேட்டில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. மேடைக்குக் கீழே தப்புக்காரர்கள் தங்கள் முறைக்காகத் தப்பை நெருப்பில் காய்ச்சிக்கொண்டு நின்றார்கள். முதல் இரண்டு பாட்டிலும் எனக்குத் தனி வாசிப்பு இல்லை. மூன்றாவதில் வந்தது. பாட்டுக்காரர் ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். 'இப்ப பாப்பம்' என்ற பார்வை.

மிதித்தேன்.

ஒரு விஷயத்தைப் பதிவு செய்துவிட வேண்டும்: பெட்டி வேலை செய்தது. மூன்றும் ஒன்றாக மாறின, அப்பழுக்கில்லாமல். ஆனால் மஞ்சள் நீர் குடித்த டிரான்ஸ்ஃபோமரிலிருந்து கொஞ்சம் மின்சாரம் டின்னுக்குக் கசிந்திருந்தது. கால் டின்னில், கை ஆம்போடு சேர்ந்த கிட்டார்க் கம்பியில், ஒன்றுக்கொன்று ஒட்டும் உறவும் இல்லாதிருந்த அந்த இரண்டுக்கும் நடுவில் நான். ஆளைக் கொல்லும் அளவு இல்லை. ஆளைத் தூக்கும் அளவு இருந்தது. நான் ஒரு முழம் மேலே போய் இறங்கினேன்.

கிட்டார் நின்றுவிட்டது. ஆனால் தனி வாசிப்பு நிற்கவில்லை. கணக்கு வாத்தியார், குழப்பமில்லாமல், தன் பட்டனை அமத்தி மீதியை வாசித்துக்கொண்டிருந்தார். பாட்டுக்காரரோ பஸ் பள்ளத்தில் இறங்கினாலும் டிக்கட் கிழிக்கிறவர். அடுத்த அடியை எடுத்துவிட்டார். இப்போது ஆம்பைச் சுத்தமான வழிக்குத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் மறுபடி தலவாக்கலைக் கதைதான். திருப்புவதற்கு ஒரே மிதிதான் இருந்தது. அதைத்தான் நான் பெருமையாகக் கட்டியிருந்தேன். சனிக்கிழமை ஹோர்னை நினைத்துக்கொண்டு மிதித்தேன். மறுபடி மேலே போனேன். இந்த முறை வாயிலிருந்து ஏதோ சத்தமும் வந்தது.

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி குலவை போட்டாள். உடனே பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள்.

"பாருங்க, பாருங்க! வாத்தியாருக்கு சாமி வந்துருச்சு!"

தப்புக்காரர்களுக்கு வேறு அழைப்புத் தேவையில்லை. சாமி வந்தவருக்கு என்ன அடி அடிக்க வேண்டுமோ அதை அடிக்கத் தொடங்கினார்கள். எங்கள் ட்ரம்ஸ்காரர் ஒரு கணம் யோசித்துவிட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டார். பூசாரி விபூதித் தட்டோடு மேடையேறினார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் என்னைப் பிடித்து நிமிர்த்த, நான் தடுமாறி மறுபடி டின்னின் மேலேயே கால் வைத்தேன். அவர் ஈரப் பலகையில் வெறுங்காலோடு நின்று என் நெற்றியில் விபூதி வைத்தார். வைத்த கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். விரல்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு மரியாதையை நான் அதற்கு முன் யார் முகத்திலும் கண்டதில்லை, பாடசாலை அதிபர் முகத்தில் நிச்சயமாக இல்லை.

"தாயே," என்றார், கைகூப்பி. "என்ன கொறை? சொல்லு தாயே."

"கரண்ட நிப்பாட்டுங்க!" என்றேன்.

"டேய், மெயின ஆஃப் பண்ணுடா!" என்று கமிட்டித் தலைவர் கத்தினார். அணைத்துவிட்டார்கள். ஆசிரியனாக நான் சொன்ன எதுவும் அவ்வளவு வேகமாக நிறைவேற்றப்பட்டதில்லை. ஸ்பீக்கர்கள் செத்தன. தப்பும் நின்றது. கோயில் முற்றம் முழுக்க மூடுபனியும் மௌனமும். யாரோ சூடம் ஏற்றினார்கள்.

"வேற என்ன வேணும் தாயே?"

எனக்கு என்ன வேண்டும் என்பது மிகத் தெளிவாக இருந்தது. "என் சப்பாத்து."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முன்வரிசையிலிருந்த ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டது மேடை வரை கேட்டது.

"ஆத்தா எதுக்குடி சப்பாத்து கேக்குது?"

"ஆத்தா கேக்குமா? இது முனி. முனிதான் காலுக்குப் போடக் கேக்கும்."

"முனி செருப்புல்ல கேக்கும்?"

"தொரைமாரு காட்டுல இருக்கிற முனி. சப்பாத்துதான் கேக்கும்."

விஷயம் தீர்ந்தது. தலைவர் போய் என் ரப்பர் சப்பாத்துகளை ஒரு தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை இரண்டு வைத்து, இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். நான் அவற்றை மேடையில், ஆத்தா வாசலில், அத்தனை பேர் பார்க்கப் போட்டுக்கொண்டேன். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. மின்சாரம் வந்தது. கச்சேரி தொடர்ந்தது.

அதற்குப் பிறகு நான் வாசித்தது போல அதற்கு முன்பும் வாசித்ததில்லை, பின்பும் இல்லை. சப்பாத்துக் காலால் மிதிக்க மிதிக்க மூன்றும் ஒன்றாக மாறின, ஒன்றாகத் திரும்பின. ஒரு தட்டுப் பிசகவில்லை. பாட்டுக்காரர் என்னைப் பார்க்கும் பார்வை மாறியதைக் கண்டேன். என் இடம் எனக்குத் திரும்பிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

சாமான்களை வானில் ஏற்றும்போது பூசாரி வந்தார். மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா, உண்மையைச் சொல்லிவிட்டேன். "ஐயா, அது சாமி இல்லீங்க. எனக்கு கரண்ட் அடிச்சுது."

"அப்படித்தாங்க இருக்கும்," என்றார் அவர், தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே. "எனக்கே தெரிஞ்சுதே."

கணக்கு வாத்தியார் வானின் உள்ளேயிருந்து மெதுவாகச் சொன்னார்: "உமக்கு கரண்ட் அடிக்கிறதை நான் முதலே கண்டனான்."

"பின்ன ஏன் சொல்லல?"

"சனம் நல்லா ரசிச்சுக்கொண்டிருந்தது."

தலைவர் எங்களை வழியனுப்ப வந்தார். பாட்டுக்காரரின் தோளில் கை போட்டு, அடுத்த வருடத் திருவிழாவும் எங்களுக்குத்தான் என்றார். பாட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். நான் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்து, கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். தலைவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

"இந்த சார் இல்லாம மட்டும் வந்துராதீங்க தம்பி. அந்த கிட்டார விட்டுட்டு வரச் சொல்லுங்க. சாமிக்கு எடஞ்சலா இருக்கு."